டிரம்மின் மேல் எழுதியிருந்த டி.ஜி.

1

இந்தக் கதை எனக்கு ஒரு டப்பா க்ரீமோடு சேர்ந்து கிடைத்தது. பத்தொன்பது வருஷமாக லாகோஸில் குப்பை கொட்டுகிறேன். புழுதிக் காற்று அடிக்கிற மாதங்களில் என் குதிகால் பாளம் பாளமாக வெடிக்கும். ஷோமொலுவில் மொரெனிகே தன் சமையலறையில் கலக்கி விற்கிற க்ரீம்தான் அதற்குக் கேட்கும். அன்றைக்கு டப்பாவை நீட்டியவள், "இதுல போட்டிருக்கிற கிளிசரின் நல்லது. நானே விசாரிச்சுட்டேன்" என்றாள்.

யாரும் கேட்காமலே ஒருத்தி இப்படிச் சொன்னால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். துருவினேன். சொன்னாள். எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். "தம்பி பேரை மட்டும் மாத்திடு" என்றாள். மாற்றிவிட்டேன். அவள் கேட்காவிட்டாலும் அவள் பேரையும் மாற்றிவிட்டேன்.

முதலில் எழுதிய ஆரம்பம் இது:

ஜூவோன் இருமினான். கைக்குட்டையை எடுத்துப் பார்த்தபோது அதில்

[வேண்டாம். ஒரு ரசாயனப் பாட்டிலைக் கண்டால் உடனே யாரையாவது சாகடிக்கத் தோன்றுகிற வியாதி எனக்கு உண்டு. இந்தக் கதையில் ஒருத்தரும் சாகமாட்டார்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகப் படியுங்கள்.]

2

ஜூவோன் மொரெனிகேவின் தம்பி. யாபாவுக்கும் ஒஜோட்டாவுக்கும் நடுவே ஓடுகிற மஞ்சள் வேனில் கண்டக்டர். நாள் முழுக்கக் கதவில் தொங்கிக்கொண்டு நிறுத்தங்களின் பேரைக் கத்துவது அவன் பிழைப்பு. பதினாறு வயசிலிருந்து சிகரெட். இவர்கள் அப்பா போனது நுரையீரலால்தான். அதனால் எட்டு மாசத்துக்கு முன்னால் அக்காக்காரி கையில் காலில் விழுந்து அவனை வேப்புக்கு மாற்றினாள். ஆவி இழுக்கிற அந்தக் குழாய்க்கு ஊற்றும் திரவத்தையும் ஸ்ட்ராபெரி வாசனை போட்டு அவளே கலக்கினாள். க்ரீமுக்கும் கிளிசரின், இதற்கும் கிளிசரின். கடையில் வாங்குவதைக் கண்டவன் கலந்திருப்பான், நான் கலந்தால் சுத்தமாக இருக்கும் என்பது அவள் கணக்கு.

திங்கட்கிழமை ஒஜோட்டா கெமிக்கல் மார்க்கெட்டுக்குப் போனாள். வழக்கமான கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடை ஒபியோராவினுடையது. வாசலில் நீல டிரம். அதன்மேல் கறுப்பு மையில் பெரிதாக டி.ஜி. என்று எழுதியிருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.*

* ஏன் என்று லாகோஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: 'டு காட் பி த குளோரி', அதாவது தேவனுக்கே மகிமை. இங்கே அது வேனின் முதுகில், முடிவெட்டும் கடையில், பரீட்சைத் தாளின் அடியில் என்று எங்கும் இருக்கும். அவசரக்காரர்கள் முதல் ரெண்டு வார்த்தையின் இங்கிலீஷ் எழுத்தை மட்டும், டி.ஜி. என்று, எழுதிவிட்டுப் போவார்கள். சரக்கின் மேலேயே சாமி பேரை எழுதுகிறவன் ஏமாற்றமாட்டான் என்று மொரெனிகே நினைத்தாள். நானாக இருந்தாலும் நினைத்திருப்பேன்.

அஞ்சு லிட்டர் வாங்கினாள். அன்றைக்கே கலந்தாள். சாயங்காலம் தம்பி கையில் ஒரு பாட்டில் போய்விட்டது.

2 (மறுபடி)

[புதன்கிழமையைச் சொல்வதற்கு மூன்று வாக்கியம் எழுதினேன். மூன்றிலும் 'பேரிடி' வந்தது. மூன்றையும் அடித்தேன்.]

புதன்கிழமை காலை. க்ரீம் கலக்குகிற பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் யாரோ போட்டிருந்தார்கள்: "கிளிசரின் வாங்கும்போது டிரம்மைப் பாருங்க. டி.ஜி.ன்னா டெக்னிக்கல் கிரேடு. பெயிண்டுக்கும் பசைக்கும் போறது. வாய்க்கு, தோலுக்கு மருந்துத் தரம்தான் வாங்கணும்."**

 ** அந்த மருந்துத் தரத்துக்கு டிரம்மில் மூன்று இங்கிலீஷ் எழுத்து போடுவார்கள். தமிழில் எழுதினால் அது 'யு.எஸ்.பி.' ஆகி, போன் சார்ஜர் வயராகிவிடுகிறது. நம் 'பி' ஒன்றே இங்கிலீஷின் ரெண்டு எழுத்துக்கும் வேலை பார்க்கிறது. ஆகவே மருந்துத் தரம் என்றே எழுதுகிறேன். மொரெனிகே எழுத்தை நம்பிக் கெட்டாள். எனக்கும் அது வேண்டாம்.

மொரெனிகே அந்த மெசேஜை ரெண்டு தடவை படித்தாள். தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. பதினொரு தடவை போட்டாள். நேற்று அவன் பேசியபோது குரல் கரகரத்தது நினைவுக்கு வந்தது. கண்டக்டர் குரல் எப்போதும் கரகரக்கும்தான். ஆனால் பயந்தவளுக்கு அதெல்லாம் எடுபடுமா?

3

"டி.ஜி.ன்னா என்னண்ணே?" என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் நுழைந்தாள்.

ஒபியோரா அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். "டெக்னிக்கல் கிரேடு. நீ என்னன்னு நினைச்சே?"

"தேவனுக்கே மகிமைன்னு."

அவனுக்குப் புரையேறிவிட்டது. "தங்கச்சி, சாமியை மேல போர்டுல எழுதியிருக்கேன், பாரு. டிரம்ல எழுதி நான் என்ன பெயிண்டுக்கு ஞானஸ்நானமா குடுக்கறேன்?"

"சிரிக்காதீங்க. திங்கக்கிழமை எனக்கு எந்த டிரம்லேர்ந்து ஊத்துனீங்க?"

"நீ என்ன கேட்டே?"

"ஒரிஜினல் குடுங்கன்னு கேட்டேன்."

"ரெண்டும் ஒரிஜினல்தானே. இது ஒரிஜினல் மருந்துச் சரக்கு, அது ஒரிஜினல் பெயிண்டுச் சரக்கு. எதுக்குன்னு சொல்லியிருந்தா பார்த்து ஊத்தியிருப்பேன்."

"எதுக்குன்னு நீங்க கேட்டீங்களா?"

ஒபியோரா சோளத்தைக் கீழே வைத்தான். அவனும் கெட்டவன் இல்லை. [கெட்டவனாக ஒரு தடவை எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை.] உள்ளேயிருந்த மருந்துத் தர டிரம்மிலிருந்து ஒரு கிளாஸ், வாசல் டிரம்மிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து அவள் முன்னால் வைத்தான். ரெண்டும் கண்ணாடிபோலத் தெளிவு. ரெண்டுக்கும் வாசனை இல்லை. ரெண்டு டிரம்மின் சீட்டிலும் ஒரே எண்: தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு சதவீதம்.

"அப்புறம் என்னதான் வித்தியாசம்?"

"மிச்சம் இருக்கே புள்ளி மூணு, அதுல. மருந்துச் சரக்குல அது என்னன்னு ஒருத்தன் உக்காந்து பார்த்திருப்பான். விஷம் கலந்திருக்கான்னு சோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருப்பான். இதுல யாரும் பார்க்கலை. நல்லதாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆமா, யாருக்கு ஊத்துனே? க்ரீம்தானே?"

"என் தம்பி இழுக்கறான்."

ஒபியோரா ரெண்டு கிளாஸையும் தள்ளி வைத்தான். "தங்கச்சி, மருந்துச் சரக்கே முழுங்கறதுக்குத்தான் சோதிச்சது. மூச்சுல இழுக்கறதுக்கு எவன் சோதிச்சான்? முதல்ல அவனைப் போய்ப் பாரு."

5

[நாலாவது பகுதியில் மொரெனிகே மார்க்கெட்டிலிருந்து வேன் நிறுத்தம் வரை நடந்தாள். கிளிசரினின் வரலாறு, சோப்புக் கம்பெனிகள் என்று நிறைய எழுதியிருந்தேன். தம்பிக்கு என்ன ஆச்சோ என்று ஓடுகிறவளை நிறுத்தி வரலாறு சொல்ல வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.]

ஜூவோன் வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எதையோ பின்னால் மறைத்தான்.

"ஏன்டா போன் எடுக்கலை?"

"ஒரே கூட்டம்க்கா."

"அந்தப் பாட்டில் எங்க? எவ்வளவு இழுத்தே? நெஞ்சு வலிக்குதா? வாயைத் திற."

"என்னக்கா ஆச்சு உனக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா பாவி. எவ்வளவு இழுத்தே?"

அவன் டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். மூடியில் அவள் சுற்றிய டேப் அப்படியே இருந்தது.

"திறக்கவே இல்லைக்கா. அடிக்காதே. மூணு வாரமா மறுபடி சிகரெட்தான். உன் ஸ்ட்ராபெரி வாசனைக்கு டிரைவருங்க எல்லாம் 'பாப்பா, பாப்பா'ன்னு கூப்பிடறானுங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

மொரெனிகே வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தமாதிரி இருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பாடா, அப்பாடா என்று நாலைந்து தடவை சொன்னாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லதுடா. ரொம்ப நல்ல காரியம் பண்ணினே" என்றாள்.

சிகரெட் பிடிக்கிறேன் என்ற தம்பியிடம் இப்படிச் சொன்ன அக்கா இந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

6

க்ரீம் முழுவதையும் கொட்டிவிட்டு, மருந்துச் சரக்கில் புதுசாகக் கலக்கினாள். என் குதிகாலுக்குக் கிடைத்தது அதுதான். வாசகருக்கும் குதிகால் கவலை இருந்தால் விட்டுவிடலாம்.

ஆனால் முடிவு எழுத வரவில்லை. பாட்டிலை அவள் சாக்கடையில் ஊற்றுவதாக ஒன்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜூவோன் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்று அதில் இல்லை.

நடந்ததை அவள் சொன்னபடி சொல்கிறேன். அக்கா கோவிக்கவில்லை என்றதும் அவனுக்கும் பெரிய நிம்மதி. மூன்று வாரமாக ஒளித்துக்கொண்டிருந்தவன் அல்லவா? பின்னால் மறைத்திருந்த சிகரெட்டை எடுத்து, முதல்முறையாக அவள் கண்ணெதிரில் வாயில் வைத்தான். சட்டைப் பையைத் தடவினான். தீப்பெட்டி இல்லை.

"அக்கா, அந்த டீக்கடையில தீப்பெட்டி வாங்கித் தர்றியா?" என்று கேட்டான், சந்தோஷமாக.

"நீ என்ன சொன்னே?" என்று மொரெனிகேவைக் கேட்டேன்.

"நீ எழுதறவ. நீயே சொல்லு. இப்பத்தான் ரொம்ப நல்லதுன்னேன், அடுத்த வார்த்தை என்ன வரும்?"

எனக்கு வரவில்லை. அவள் இன்னும் அந்த வேன் படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவன் சிகரெட் இன்னும் பற்றவைக்கப்படவில்லை. உங்களுக்கும் ஒரு தம்பி இருக்கலாம். அவளுக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள்.