பெருவிரல்

1953 மே விடுமுறையில் கடியபட்டணத்துக் கரையில் கட்டுமரத்தை இழுத்து ஏற்றும்போது, இரண்டு தடிகளுக்கு நடுவே என் வலது கைப் பெருவிரல் நசுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். எனக்குக் குருப்பட்டம் கிடைக்க எட்டு மாதம்தான் இருந்தது.

பூசையில் ஓஸ்தியை, அந்த மெல்லிய அப்பத்தை, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும்தான் எடுக்க வேண்டும். பெருவிரல் இல்லாதவனுக்கு ரோமாபுரி தனி அனுமதி தந்தால்தான் பட்டம். எழுதிக் கேட்பதற்குமுன் நான் படிக்கும் செமினாரியில் தலைவரான ரெக்டர் சாமி என் கையைச் சோதிக்கப்போகிறார்.

புண் ஆறியதும், எங்கள் கோயிலில் பூசைச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை தந்த, பூசையில் வைக்காத ஓஸ்திகளைக் கொண்டு வீட்டில் நாள் முழுக்கப் பழகினேன். இரண்டு விரல்களுக்கிடையில் இடுக்கித் தூக்கிவிடுவேன். பூசையில் செய்வதுபோல் உடைத்தபோது மட்டும் துணுக்குகள் சிதறி மண்தரையில் விழுந்தன. முழந்தாளிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

"அழாத மக்கா," என்றாள் அம்மா. "நீ வயித்துல இருக்கும்போதே ஆண்டவருக்கு நேர்ந்த பிள்ளையாக்கும். அவரு கைவிடமாட்டாரு."

அவளிடம் எப்படிச் சொல்வேன்? நான்கு வருடமாகத் தினமும் நற்கருணைக்கு முன்னால் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'இந்தப் பட்டம் எனக்கு வேண்டாம். அம்மா என்னைக் குற்றம் சொல்லாதபடி வெளியே விட்டுவிடும்.'

விரல் போன அன்றுதான் தெரிந்தது, ஓஸ்தியைத் தூக்குவதைத் தவிர இந்தக் கைக்கு வேறு ஆசையே இல்லை என்று. அன்றிலிருந்து பட்டத்தைத் தரும்படி ஆண்டவரை வேண்டாத வேளையில்லை. அவர் வாயே திறக்கவில்லை.

அந்த ஒரு ஜெபத்தை மட்டும் எதற்கய்யா அவ்வளவு கவனமாகக் கேட்டீர்?