மஞ்சுளாவின் வலது கை

வெட்டுப்பட்ட மறுவாரம் மஞ்சுளாவின் வலது கை பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து விரல்களை ஊன்றிக் கரையேறி, காளியம்மன் கோயில் வாசலில் கோலம் போட்டது. நாமக்கல் பட்டறையில் லாரிகளுக்குப் பூவும் பேரும் எழுதிப் பழகிய கை என்பதால் ஒரு கோடும் பிசகவில்லை.

அது வித்யாவின் கையைப் பிடித்திருந்ததுதான் குற்றம். வித்யா ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். பட்டறைக்கு எதிரே முட்டை ஏஜென்சியில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் மஞ்சுளாவும் ஒரே வீட்டில் புருஷன் பெண்டாட்டியாகக் குடியிருப்பதை வித்யாவின் அண்ணன் குருமூர்த்தி கேள்விப்பட்டு, கூட்டாளிகளோடு காரில் வந்து கதவை உடைத்தான். வித்யாவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். மஞ்சுளா அவள் கையை விடவில்லை. “உடறியா, வெட்டட்டுமா?” என்று குருமூர்த்தி ஒரே ஒரு முறை கேட்டான். அரிவாள் இறங்கிய பிறகும் பிடி தளரவில்லை. மணிக்கட்டோடு துண்டான கை வித்யாவைப் பற்றியபடியே காருக்குள் போயிற்று. ராசிபுரம் தாண்டிச் சேலம் ரோட்டில் போய், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை ஏரியில் வீசினார்கள்.

அந்தக் கோயிலைப் பெண்களே நடத்திவந்தார்கள். பூசாரி பாப்பாயி கையைக் கழுவி, மஞ்சள் பூசி, வளையல் போட்டுவிட்டாள். அது திரி திரித்தது, விளக்குத் துலக்கியது, வருகிறவர்கள் நெற்றியில் திருநீறு வைத்தது. ஆடி பிறப்பதற்குள் சனங்களுக்குப் பழகிவிட்டது.

சேதி கேட்டு மஞ்சுளா வந்தாள். காயம் ஆறியிருந்தது, வேலையும் வீடும் போயிருந்தன. வாசலிலேயே நின்றாள். கை அவளைப் பார்த்து வரவுமில்லை, ஒட்டிக்கொள்ளவுமில்லை, பூத் தொடுத்துக்கொண்டிருந்தது. தன் கைக்கே தான் வேண்டாதவளாகிவிட்டோமோ என்று அவளுக்கு அழுகை முட்டியது.

“அந்த மாதிரிப் பழக்கமிருக்கறவளக் கோயலுக்குள்ள எப்படிங்க சேக்கறது?” என்றாள், கோயில் பெண்களில் ஒருத்தியாகப் பாயில் உட்கார்ந்திருந்த ஜானகியம்மாள்.

பாப்பாயி குங்குமத் தட்டைக் கீழே வைத்தாள். “இத்தன நாளா அவ கையிலதானுங்க திருநீறு வாங்குனோம். கை வேணும், ஆளு வேண்டாம்னா எப்படிங்க?”

 ஜானகியம்மாள் பாயில் நகர்ந்து இடம் விட்டாள். மஞ்சுளா அங்கேயே தங்கிவிட்டாள்.

ராசிபுரத்தில் வித்யாவைத் தறி ரூமில் பூட்டி வைத்து பெல்ட்டால் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாசி மாதம் கையின் சேதி காதில் விழுந்ததும் அவள் கூரை ஓடுகளைப் பிரித்து வெளியே இறங்கி, செருப்பில்லாமல் கோயிலுக்கு வந்து சேர்ந்தாள். பின்னாலேயே குருமூர்த்தி வந்தான். தடுத்த பாப்பாயியின் தோளில் வெட்டினான். அடுத்த வெட்டுக்கு அரிவாளை ஓங்கியபோது திருநீற்றுக் கொப்பரையிலிருந்து கை எழும்பி அவன் குரல்வளையைப் பிடித்தது. அவன் மண்டியிட்டான், கண் பிதுங்கியது. கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். பெண்கள் எல்லோரும் மஞ்சுளாவைப் பார்த்தார்கள்.  சாகட்டும் என்றே அவள் நினைத்தாள்.

“போதும் சாமி, உட்ரு,” என்றாள் பாப்பாயி, ரத்தம் ஒழுகும் தோளைப் பிடித்துக்கொண்டு.

கை விட்டது. குருமூர்த்தி ஜெயிலுக்குப் போய் வந்தான். இன்றுவரை அவனுக்குக் குரல் இல்லை. தறியில் நூல் அறுந்தால்கூடக் கைதட்டித்தான் ஆளைக் கூப்பிடுகிறான்.

மஞ்சுளாவும் வித்யாவும் ஏரிக்கரையில் குடியேறினார்கள். அடுத்த ஆடியில் கூழ் ஊற்ற வீட்டுக்கு ஒரு படி கம்பு கொடுக்கச் சொன்னபோது, ஆளுக்கொரு படி கொண்டுபோனார்கள். கை முதல் படியைத் தலைதட்டி அண்டாவில் கொட்டியது. இரண்டாவதைத் தொடாமல் தள்ளிவைத்தது.

வித்யாவுக்கு முகம் வாடியது. “ஏனுங்க, என்னுது ஆகாதுங்களா?”

“ஒரு குடும்பத்துக்கு ஒரு படிதான் சாமி,” என்றாள் பாப்பாயி. “அத ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி நீங்க ஆக்கித் தின்னுங்க. அடுத்த ஊட்டுக்காரங்க வாங்க.”