சித்திரையில் சிரித்தவள்

இரஞ்சிதம் பத்தொன்பது தரம் சிரித்தாள். அதில் பதினெட்டுச் சிரிப்பு சரிவரவில்லை.

சித்திரை வெயிலில், கண்டாவளையில் பாவனையில்லாமல் கிடந்த நெல்லுக் களஞ்சியம் ஒன்றைப் பழைய தியேட்டராக மாற்றி ஷூட்டிங் வைத்தார்கள். படத்துக்குள்ளே சனம் இன்னொரு படம் பார்ப்பதுபோல ஒரு காட்சி. ஊர்ச்சனம் நாற்பது பேரை நீள மர வாங்குகளில் இருத்தி, முன்னால் ஒரு வெள்ளைத்துணியைக் கட்டிவிட்டுச் சிரிக்கச் சொன்னார்கள். துணியில் ஒன்றுமில்லை. அதில் ஓடப்போகிற உள்படத்தைப் பிறகுதான் எடுப்பார்களாம். பிரதாபன் என்ற உதவி இயக்குநர்ப் பெடியன் துணிக்குப் பக்கத்தில் நின்று, இல்லாத படத்துக்குக் கதை சொன்னான்.

"இப்ப மாப்பிள்ளையின்ரை வேட்டியை மாடு இழுத்துக்கொண்டு ஓடுது! சிரியுங்கோ அம்மா, சிரியுங்கோ!"

வெறுந்துணியைப் பார்த்து ஒரு மனுசி எத்தனை தரம்தான் சிரிப்பாள்? சிறுபோகத்துக்கு வரம்பு கட்டி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பல்லைக் காட்டினாள், போதாது என்றார்கள். இன்னும் காட்டினாள், கூடிப்போச்சு என்றார்கள். பத்தொன்பதாம் தரம், பக்கத்தில் இருந்த அவளுடைய புருஷன் மயில்வாகனம் இருந்தபடியே நித்திரையாகி, தண்ணீர் இறைக்கிற மோட்டரைப் போலக் குறட்டை விட்டார். மோட்டர் இருமி நின்றது. பிறகு தானாகவே ஸ்டார்ட் ஆனது. இரஞ்சிதத்தால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கமராக்காரர் அந்த முகத்தை விடாமல் பிடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த வருடம் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில், நடித்தவர்களுக்கு என்று ஒரு பின்னேரம் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். இரஞ்சிதம் நல்ல சேலை உடுத்துப் போனாள். துணைக்குப் பக்கத்து வளவு வடிவம்மாவையும் கூட்டிப்போனாள்.

உள்படம் பகிடிப் படமாக இருக்கவில்லை. இயக்குநருக்கு இடையில் மனம் மாறிவிட்டதாம். வெள்ளைத்துணியில் நீளமான ஒரு றோட்டு ஓடியது. றோட்டு நிறைய மூட்டை முடிச்சோடு சனம். ஒரு தாய் தலையில் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு, வாய்விட்டு அழுதபடி கிட்ட வந்தாள். அடுத்ததாக, திரை கொள்ளாமல் இரஞ்சிதத்தின் முகம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது.

கடைசிச் சண்டையில் அப்படியொரு வழியை இரஞ்சிதமும் நடந்தவள்தான். வடிவம்மா அந்த வழியில் தன் மூத்த மகனை விட்டுவிட்டு வந்தவள். படம் முடிந்ததும் வடிவம்மா வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் இரஞ்சிதம் வடிவம்மாவின் வாசல் படலையில் நின்று நடந்ததையெல்லாம் விளங்கப்படுத்தினாள்.

"ஷூட்டிங் எண்டு எனக்குத் தெரியும், இரஞ்சிதம்," என்றாள் வடிவம்மா. "தெரிஞ்சாலும் அந்தச் சிரிப்பு என்ரை கண்ணுக்குள்ளை நிக்குது. நான் என்ன செய்ய?"

இரஞ்சிதம் பிரதாபனுக்குப் போன் எடுத்தாள். அந்த இடத்தை வெட்டச் சொன்னாள். படம் வெளிநாட்டுக்குப் போய்விட்டது, இனி ஏலாது என்றான்.

"அது ஒரு குறியீடு, அம்மா. எங்கடை துன்பத்தை உலகம் வேடிக்கை பார்த்ததெண்டு காட்டுறம்."

"அதுக்கு என்ரை பல்லுத்தானோ தம்பி கிடைச்சது?"

அழுத மனுசி ஆர் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருக்கிற ஜொஹறா. அவளிடம் போய் ஒரு மன்னிப்புக் கேட்டால்தான் தன் மனம் ஆறும் என்று இரஞ்சிதம் நினைத்தாள்.

"அவளுக்கு நீ சிரிச்சது கேட்டிருக்குமே?" என்றார் மயில்வாகனம். "அவள் படத்துக்குள்ளை இருக்கிற படத்துக்குள்ளையெல்லோ நிக்கிறாள்."

நியாயமான கதைதான். குறட்டை விட்டுக் குடியைக் கெடுத்தவருக்கு நியாயம் சொல்ல மட்டும் வாய் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பரந்தனில் பஸ் ஏறினாள். உடையார்கட்டைத் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சண்டைக்குள் நடந்த அந்த றோட்டில் அவள் எப்போதும் அப்படித்தான்.

சின்னக் கடை. சாரங்களும் பள்ளிக்கூட வெள்ளைத் துணியும் அடுக்கியிருந்தன. தலையில் முக்காடிட்ட ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்தேழு வயதிருக்கும். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

"நீங்கள்தானே அக்கா அந்தச் சிரிச்ச ஆள்? இருங்கோ," என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"தங்கச்சி, நான் சித்திரையிலை சிரிச்சனான்," என்றாள் இரஞ்சிதம்.

"நான் ஆவணியிலை அழுதனான்," என்றாள் ஜொஹறா.

அதன்பிறகு இரஞ்சிதம் எல்லாவற்றையும் சொன்னாள். வெறுந்துணி, மாடு, வேட்டி, மோட்டர் குறட்டை, அது நின்று ஸ்டார்ட் ஆனது. ஜொஹறா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இரஞ்சிதத்துக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இனித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் போல இருந்தது.

"உங்களுக்கு அழுகை உடனே வந்ததோ?" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"எங்கை வந்தது! அந்தப் பொட்டலத்துக்குள்ளை பஞ்சை வைச்சுக் கட்டியிருந்தவங்கள். பாரம் இல்லாமல் எனக்கு நடையே வரேல்லை. பிறகு வீட்டை போய் அம்மிக்குழவியைக் கொண்டு வந்து உள்ளுக்கு வைச்சன்." ஜொஹறா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்த கண்ணீர்தான். "தொண்ணூறிலை வடக்கிலை இருந்த முஸ்லிம் சனத்தை இயக்கம் வெளிக்கிடச் சொன்ன நேரம் எனக்குப் பன்ரெண்டு வயது. உம்மா அந்த அவசரத்துப் பதகளிப்பிலை அம்மியை விட்டுட்டுக் குழவியை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தவா. புத்தளத்திலை இருந்த காலம் முழுக்க எங்களிட்டைக் குழவி இருந்தது, அம்மி இல்லை. அது தலையிலை ஏறினதும் அழுகை தானா வந்திட்டுது."

இரஞ்சிதம் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எந்த வழியாலை போனனீங்கள்?"

"ஒட்டுசுட்டானாலை."

"நான் பிறந்தது ஒட்டுசுட்டான்," என்றாள் இரஞ்சிதம். "அப்ப எனக்குப் பதினெட்டு வயது. வேலியடியிலை நிண்டனான்."

ஜொஹறா ஒரு சாரத்தை எடுத்து மடித்தாள். அது முன்பே மடித்த சாரம்.

"சிரிச்சனீங்களோ?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டாள்.

"இல்லை. அழவுமில்லை. ஒரு செம்பு தண்ணி கொண்டுபோய்க் குடுக்கவுமில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நிண்டனான், தங்கச்சி."

அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. முப்பத்தைந்து வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. இரண்டு பஸ் மாறி வந்த களைப்பெல்லாம் சேர்ந்து தோளில் இறங்கியது.

ஜொஹறா எழும்பி உள்ளே போனாள். திரும்பி வந்து, கறுத்து வழுவழுத்த ஒரு குழவியை இரஞ்சிதத்தின் மடியில் வைத்தாள்.

"தூக்கிப் பாருங்கோ, அக்கா."

இரஞ்சிதம் இரண்டு கையாலும் தூக்கினாள். நெஞ்சளவுக்கு மேல் தூக்க முடியவில்லை.

"சரியான பாரமாக் கிடக்கு," என்றாள்.

"ஓம்," என்றாள் ஜொஹறா. "அதைத்தான் அந்த ஷூட்டிங் பெடியளுக்குச் சொன்னனான்."