ஒரு கிண்ணம் பார்சல்

படுக்கையில் இருக்கும் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சித்தப்பா எங்களுக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம். டி.வி.யைப் போட்டதும் அவர் தூங்கிவிடுவார்.

"அப்பாதான் அவரைப் பாத்துக்கணும்," என்றாள் அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே.

எதிர்ப்பக்கத்து சுஷி கடை திறந்து பல மாதங்கள் ஆகின்றன. அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கும்போதெல்லாம் ஜன்னலில் அதன் சிவப்பு விளக்கு தெரியும். ஒருநாள் போகணும் என்பாள் அக்கா. இன்று போகலாம் என்றது நான். அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவின் காதுபட அதைச் சொல்ல முடியாது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு ஊட்டுவது அக்காவின் வேலை. பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம். இன்று காலையில் மருத்துவமனைக்கு, விழுங்கும் சோதனைக்கு அவரைக் கூட்டிப்போனது நான். அக்காவுக்குத் தேர்வுப் பணி. முடிவு நாளைக்குத்தான் வரும், இரவு எட்டு மணிவரை எதுவும் கொடுக்கக் கூடாதாம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். இரண்டுமே பொய். எட்டு மணிக்கு அவள் கரண்டியை எடுப்பாள். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

கடையில் ஒரே ஒரு நீள மேசை. அதற்கு அந்தப்பக்கம் சமையற்காரர் மீனைச் சீவிக்கொண்டிருந்தார். அக்கா விலைப்பட்டியலைப் பார்த்தாள்.

"மீனு பச்சையாவா? அடுப்புக்கு லீவா?"

"அதுதான்க்கா சுஷி."

"வேகவைக்காததுக்கே இந்த விலை. வேகவச்சா சொத்தை எழுதிக் கேப்பாங்க போல."

சமையற்காரர் குனிந்தபடி சிரித்தார்.

தட்டு வந்தது. அக்கா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கரண்டியை எடுத்தாள். மீனை விரலால் அழுத்தி முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். சோற்றோடு சேர்த்து மசித்தாள். ஒரு வாய் எடுத்து என் பக்கம் நீட்டினாள். நானும் யோசிக்காமல் அப்பாவைப் போலத் தாடையைத் தாழ்த்தி வாங்கிக்கொண்டேன். அவள் என் தொண்டையையே பார்த்தாள்.

"ம். முழுங்கியாச்சா?"

சமையற்காரரின் கத்தி நின்றிருந்தது. அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் அது கொட்டாவியாக மாறியது.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. கைப்பழக்கம்," என்றாள் அவரிடம். அழகாக அடுக்கியிருந்ததைக் கூழாக்கிவிட்டோம். அவர் மறுபடியும் மீனைச் சீவத் தொடங்கினார்.

இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்தேன். இன்னொரு முறை குடித்தேன்.

"என்னடி, வாயில கொழுக்கட்டையா?"

"ஒண்ணுமில்லக்கா. தூக்கம்."

"தூங்கி எத்தன நாளாச்சு நம்ம," என்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தாலும் உற்சாகமாகத்தான் இருந்தாள்.

கடைசியாக மூடிபோட்ட கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்த முட்டை வந்தது. அக்கா ஓரத்தில் கரண்டியால் தொட்டாள். அது நடுங்கியது. ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினாள்.

"கரையுதுடி. பல்லே வேணாம்." கண்ணைத் திறந்ததும் சமையற்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, இது ஒண்ணு பார்சல்."

"ஆறினா தண்ணி விட்டுரும்மா."

"எதிர்லதான் வீடு. எங்கப்பாவுக்கு. மொதல்ல ஒவ்வொரு வாய்க்கும் பொறை ஏறும், பாவம். இப்ப தேறிட்டாரு. போன வாரம் முழுக்க ஒரு தடவகூட இருமல. கிண்ணம் காலியாகுது!"

"நல்லதும்மா," என்று அவர் திரும்பி அடுப்பைப் பார்த்தார்.

காலையில் எக்ஸ்ரே திரையில் பார்த்தது கண்முன் வந்தது. கறுப்பு வெள்ளையில் அப்பாவின் கழுத்து. கரண்டியில் கொடுத்த வெள்ளை மருந்து. அவர் முகம் சாந்தமாக இருந்தது.

"பார்சல் வேணாம்ணே," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"ஏண்டி? காசு நான் தர்றேன்."

"அக்கா, முடிவு காலையிலயே சொல்லிட்டாங்க."

அவள் கரண்டி கிண்ணத்துக்கு மேல் நின்றது.

"அப்பா இருமாம இருக்கிறது தேறினதால இல்ல. குடுக்கிறது நுரையீரலுக்குப் போகுது, அது அவருக்கே தெரியல. இனிமே வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதுக்கா."