கட்டம் போட்ட சட்டை

இந்த மலைச்சரிவில் எனக்கு 'மைக்செட்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது, முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். நான் என் வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டால் கீழே ஓடைக்கரையில் இருக்கிறவர்களும் கை கழுவப் போய்விடுவார்களாம். எனக்கு அதில் பெருமைதான். வாயில்லாப் பூச்சியாக இருந்து யார் என்ன கண்டார்கள்?

அந்த வாயால் நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லவே நா கூசுகிறது.

மலையை வெட்டிப் படிப்படியாக ஆக்கிய நிலம் எங்களுடையது. மாமனார் பாகம் பிரித்தபோது மேல் படி எங்களுக்கு வந்தது, அதை ஒட்டிய கீழ்ப் படி கொழுந்தனுக்குப் போயிற்று. கொழுந்தன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான். நிலத்தைப் பார்ப்பதெல்லாம் அவன் மனைவி, என் ஓரகத்தி. என் படியில் நிழல் மரங்கள், அவற்றுக்கு அடியில் காப்பி. அவள் படியில் இஞ்சி, சேம்பு, வரப்போரம் நாலு பலா. பாகப் பிரிவினையில் எல்லையில் நின்ற ஒரே ஒரு மரத்துக்காக நாங்கள் இருவரும் முட்டிக்கொண்டோம். ஆறு வருஷம் அவள் முகத்தை நானும், என் முகத்தை அவளும் பார்க்கவில்லை.

இரண்டு படிக்கும் நடுவில் ஆளுயரத்துக்குக் கல்சுவர். சிமெண்ட் கிடையாது, கல்மேல் கல் அடுக்கிக் கட்டியது. அடிவரிசையில் ஏழு ஓட்டைகள் விட்டிருக்கும். மண்ணில் ஊறுகிற தண்ணீர் அவை வழியாக வடிந்தால்தான் சுவர் நிற்கும். அடைத்தால் தண்ணீர் உள்ளே சேர்ந்து சுவரைத் தள்ளிவிடும். பால் மணம் மாறாத பிள்ளைக்கும் இங்கே இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

இந்த வருஷம் புதிதாக நூற்றிருபது காப்பி நாற்று நட்டிருந்தேன். மழை ஏமாற்றிவிட்டது. வாய்க்கால் தண்ணீர் ஒன்பது நாளுக்கு ஒருமுறைதான் என் முறைக்கு வரும். நான் இரவல் வாங்கியதுபோல் பார்த்துப் பார்த்துப் பாய்ச்சிய தண்ணீர், அந்த ஏழு ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக அவள் இஞ்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. என் நாற்று தலை தொங்கிக் கிடக்கிறது, அவள் இஞ்சி தளதளவென்று நிற்கிறது. எனக்கு வயிற்றெரிச்சல். அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் வைக்க முடியாது.

அவள் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்து அவள் படியில் இறங்கினேன். என் வீட்டுக்காரரின் பழைய கட்டம் போட்ட சட்டையை ஏழாகக் கிழித்து ஏழு ஓட்டையிலும் திணித்தேன். மேலே களிமண்ணைப் பூசிவிட்டேன். நாலே நாள், வேர் பிடித்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. நாற்று பிழைத்ததென்று சந்தோஷப்பட்டேன். துணி ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் கொட்டுகிற மழையில் அவள் நிலத்தில் போய்க் குனிந்து நின்றால் ஊர் பார்க்காதா? விடட்டும், விட்டதும் எடுக்கலாம் என்று இருந்தேன். மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் மத்தியானம் சுவர் வயிறு தள்ளி, பொலபொலவென்று அவள் இஞ்சிமேல் சரிந்தது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். ஓரகத்தி தலையில் கைவைத்து அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பாதி இஞ்சி கல்லுக்கடியில் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் அந்தச் சுவரைக் கட்டிய கல்லுக்காரரும் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேச மாட்டார், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது மாதிரி இருப்பார். ஊமைக்கோட்டான் என்று நானே கேலி செய்திருக்கிறேன். யாராவது ஏதாவது கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"கல்லை அடுக்கினியா, கனவு கண்டுக்கிட்டு இருந்தியா? ரெண்டு வருஷம் நிக்காத சுவத்தக் கட்டிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வந்து நிக்கிற?"

இதோடு நிறுத்தினேனா? அவர் தொழிலை, அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை, யாரையும் விடவில்லை. எதிர்ச்சரிவில் களையெடுத்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அவரோ சேற்றில் குந்தி ஒவ்வொரு கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

மேல்சரிவில் முப்பது சுவர்கள் பழுதாகிக் கிடக்கின்றன. எங்கள் விவசாயிகள் சங்கம் அந்த வேலையை அவருக்குத்தான் தருவதாக இருந்தது. அதை நம்பி இரண்டு வருஷமாக அவர் வெளியூர் வேலைக்குப் போகவில்லை. என் கூச்சலுக்குப் பிறகு சங்கத்தில் பேச்சு மாறிவிட்டது. சிமெண்ட் காண்ட்ராக்டர் ஒருவரை வரச் சொல்லியிருந்தார்கள். மாதக் கடைசிக் கூட்டத்தில் முடிவு என்றார்கள்.

சுவர் சரிந்த அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் ஓரகத்தி நின்றாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக இதுவரைக்கும் யாரும் இப்படிக் குரல் குடுத்ததில்லக்கா," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் டீ போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு தினமும் வந்தாள். கல்லுக்கடியிலிருந்து மீட்ட இஞ்சியில் முதல் கூறு எனக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். படுத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

சுவர் சரிந்த மறுநாள் காலையிலேயே, உதவி செய்கிற சாக்கில் இடிபாட்டைக் கிளறி அந்தத் துணிகளைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும், அப்பாடா என்று மூச்சு விட்டேன். என் வீட்டுக்காரர் வேறு, "என் கட்டம் போட்ட சட்டை எங்கடி? கழுதையா தின்னுச்சு?" என்று அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று.

கல்லுக்காரர் மூன்றாம் நாளே வந்து கூலி வேண்டாமென்று சொல்லிச் சுவரைத் திரும்பக் கட்டத் தொடங்கிவிட்டார். பாவம், அவர் மனைவியும் கூட வந்து மண் அள்ளினாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை அந்தப் பெண். பதினோராம் நாள் அவர் தனியாக வந்தார். மறுநாள் சங்கக் கூட்டம். ஓரகத்தி வீட்டுக்குள் இருந்தாள், என் வீட்டுக்காரர் மேலே நிழல் மரங்களுக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தார். நான் இடுக்குக்கு வைக்கச் சின்னக் கற்கள் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை, அதற்காகத்தான்.

அவர் உளியை வைத்துவிட்டுத் தன் பையிலிருந்து எதையோ எடுத்துக் கல்மேல் வைத்தார். மண் காய்ந்து விறைத்துப்போன துணிகள். ஏழு. ஒன்றில் காலர் இருந்தது. அவர் இந்தச் சுவரைக் கட்டிய நாட்களில் என் வீட்டுக்காரர் போட்டுக்கொண்டு நின்ற சட்டை.

பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் மலை அதிரக் கத்திக்கொண்டிருந்தபோது அவர் சேற்றில் புரட்டி எடுத்தது இதைத்தான். கையில் வைத்துக்கொண்டே அவ்வளவையும் கேட்டிருக்கிறார்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சொல்லியிருந்தா நீங்க இல்லேன்னு இன்னும் சத்தமா சொல்லியிருப்பீங்க. உங்க குரலுக்கு முன்னாடி என் குரல் எடுபடுமாக்கா?" என்றார். துணியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் மறுநாள்னு நெனச்சேன்."

நாளைக்குக் கூட்டத்தில் இதைக் காட்டப்போகிறீர்களா என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது, அப்போதும் என் தலையைக் காப்பாற்றிக்கொள்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காட்டினா இது யார் வீட்டுச் சட்டைன்னு கேப்பாங்க. அத நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்கதான் சொல்லணும்," என்றார். உளியை எடுத்துக்கொண்டார். கல்லைக் கொத்தத் தொடங்கினார்.

ஓரகத்தி தண்ணீர்ச் செம்பும் இரண்டு டம்ளருமாக வந்துகொண்டிருந்தாள். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. துணிகளை மடியில் மறைத்துவிட்டால் போதும். கை அதற்குத்தான் போயிற்று. எடுத்தேன், மறைக்கவில்லை. எழுந்து நின்று சொன்னேன்.

"என்னக்கா, கேக்கல," என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. "வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற. மைக்செட்டுக்கு என்ன ஆச்சு?"

என் முகத்துக்கு நேரே அப்படிக் கேலி செய்தவள் அவள் ஒருத்திதான். ஆறு வருஷம் கழித்துக் கிடைத்த தங்கச்சி அவள். இருந்தாலும் அன்று திட்டிய அதே குரலை இழுத்து வரவழைத்தேன்.

"சுவத்து ஓட்டைய அடைச்சது நான்தான். உன் இஞ்சிக்குப் போற தண்ணியப் பொறுக்காம அடைச்சேன். இவர்மேல ஒரு தப்பும் இல்ல."

மேலே கிளை வெட்டுகிற சத்தம் நின்றது. எதிர்ச்சரிவிலும் மண்வெட்டிகள் நின்றன. என் கையிலிருந்த காலரை என் வீட்டுக்காரர் மேலிருந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓரகத்தி துணியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கல்லுக்காரரிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு எனக்காகக் கொண்டுவந்த டம்ளரையும் நிரப்பினாள். எனக்குக் கை தானாக நீண்டது. அவள் அந்தத் தண்ணீரை, பிழைத்துக் கிடந்த ஓர் இஞ்சிச் செடியின் அடியில் மெதுவாக ஊற்றினாள்.

"நாளைக்குக் கூட்டத்துலயும் இதே சத்தத்துல சொல்லணும்," என்றாள். சொல்கிறேன் என்றேன். அவள் செம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கல்லுக்காரர் இடுக்குக்கு ஒரு சின்னக் கல் கேட்டார். குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன்.