அசேலின் மகன் ஈகால்

அசேல் வெட்டுப்பட்டுச் செத்து இரண்டு வருஷம் கழித்து அவனுக்கு மகன் பிறந்தான். எப்பிராயீம் மலைநாட்டில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பிள்ளையில்லாமல் செத்தவனின் மனைவியைத் தம்பி சேர்த்துக்கொள்வான். பிறக்கிற தலைப்பிள்ளை செத்தவனின் மகன். சிக்கல் என்னவென்றால், அசேலைக் களத்துமேட்டில் கோடரியால் மூன்று வெட்டில் சாய்த்ததே அந்தத் தம்பி ஓசேம்தான். பார்த்தவள் அசேலின் மனைவி அத்தாராள் மட்டும். ஒற்றைச் சாட்சியை நம்பி யாரையும் கல்லெறிந்து கொல்ல முடியாது. இரத்தப்பழி வாங்கவேண்டியவன் செத்தவனுக்கு நெருங்கிய ஆண்மகன், அதுவும் ஓசேமே. ஊர்வாசலில் கூடிய மூப்பர்கள் தாடியைத் தடவிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அத்தாராள் தகப்பன் வீட்டுக்கு ஓடிவிடுவாள் என்று ஊர் நினைத்தது. "நான் எங்கயும் போகல. கொழுந்தன் வரட்டும்" என்றாள். பிள்ளை வளர்ந்து ஆளாக இருபது வருஷமாகும், அதுவரை அண்ணன் நிலம் தன் கையில் என்று ஓசேமும் வந்தான்.

தொப்புள்கொடி அறுக்குமுன்பே அவள் பெயர் வைத்துவிட்டாள்: ஈகால். மீட்பான் என்று பொருள்.

"என்னத்தடி மீட்கப்போறான்?" என்றாள் மருத்துவச்சி.

"அவங்கப்பா ரத்தத்த."

வெளியே நின்ற ஓசேம் சிரித்தான். "அவங்கப்பன் நான்தாண்டி!"

"நீ பெத்தவன். அவ்வளவுதான்."

பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் குழந்தை ஒரு மயிரிழை அளவு வளர்ந்தது. அத்தாராள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கூப்பிட்டாள். ஓசேம் அவள் முன்பல் இரண்டை உடைத்தான். இரத்தத்தைத் துப்பிவிட்டுக் கூப்பிட்டாள். கையை ஒடித்தான், கட்டுப் போட்டுக்கொண்டு கூப்பிட்டாள். கிணற்றுக்குப் போகும் பெண்களும் போகிற போக்கில் ஆளுக்கு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். பதினோராம் மாதம், அறுப்புக் காலத்தில், பிள்ளைக்குத் தாடி முளைத்திருந்தது. அவன் தலை வாசல் நிலையில் இடித்தது. ஓசேம் கோடரியைத் தேடினான். அது பிள்ளையின் கையில் இருந்தது.

கை தவறிக் கொன்றவன் பழிவாங்குகிறவனுக்குத் தப்பிப் புகுந்துகொள்ளும் அடைக்கலப் பட்டணத்துக்கு ஓசேம் ஓடினான். வாசலில் அந்தப் பட்டணத்து மூப்பர்கள் மறித்தார்கள்.

"துரத்துறது யாரு?"

மகன் என்றால் அது வீட்டுச் சண்டை, உள்ளே விடமாட்டார்கள். "எங்க அண்ணன் மகன்யா!" என்று கத்தினான்.

"அண்ணனக் கொன்னது நீதானா?"

"கை தவறிடுச்சுய்யா!"

"எத்தன வெட்டு?"

"மூணு" என்று பயத்தில் உளறிவிட்டான். கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஈகால் நான்கு முறை வெட்டினான். மூன்றிலேயே உயிர் போய்விட்டது. "நாலாவது எங்கம்மா பல்லுக்கு" என்றான். அதுதான் அவன் பேசிய முதல் பேச்சு.

பால் மறக்கடிக்கும் விருந்து, ஊர் வழக்கப்படி, அவனுடைய மூன்றாம் வயதில் நடந்தது. ஆட்டுக்கடாவை அவனே அறுத்தான். வம்சப்பெயர்களை ஒப்பித்த மூப்பர்கள் அசேலின் மகன் ஈகால் என்று சொல்லிவிட்டு, கறி ஆறுமுன் அடுத்த பெயருக்குப் போனார்கள்.