வேன்காரர் மகள்

அப்பாவுக்குச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் அழுகை வெடித்தது. பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். சீருடையில் ஏழு பெண்கள், கையில் பரீட்சை அட்டை. மலைமேல் வீடுகளிலிருந்து தினமும் அப்பா வேனில் ஏற்றிப்போய் உயர்நிலைப்பள்ளியில் விடுகிறவர்கள். வேன் வரவில்லை என்றதும் நடந்தே இறங்கி வந்திருக்கிறார்கள். விடியும்போதே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உயிர்விட்டது வாசலுக்கு வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"வேனப்பா..." என்று ஒருத்தி அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. அப்பாவாம்.

அவள் படிப்பு எட்டோடு சரி. "அவ்வளவு தூரம் பொம்பளப் பிள்ளைய எப்படித் தனியா அனுப்புறது?" என்று சொன்னவர் இதே மனுஷன்தான். மூன்று நாள் அவள் சாப்பிடாமல் கிடந்தும் இளகவில்லை. பத்து வருஷம் கழித்து ஊரார் பெண்களுக்காகப் பழைய வேனை வாங்கினார். பால் வண்டி ஓட்டிக்கொண்டு அவள் எதிரே வரும்போதெல்லாம் அந்த வேனுக்குள் ஒரே சிரிப்பாக இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வாள்.

"என்னைப் பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்தப் பாத்தாங்கக்கா," என்றாள் காலைக் கட்டியிருந்தவள், மூக்கை உறிஞ்சியபடி. "வேனப்பாதான் எங்க வீட்டுக்கு வந்து, 'எம் பொண்ண நிறுத்துன பாவி நான், நீங்களும் அதைச் செய்யாதீங்க'ன்னு அழுதாரு."

பெரியவளின் விரல்கள் கடைசிப் பித்தானில் நின்றுபோயின. அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மன்னிப்பைக்கூட அடுத்தவர் வீட்டில்தான் போய்க் கேட்டிருக்கிறார்.

"இன்னிக்கு என்ன பரீட்சை?"

"அறிவியல். பத்து மணிக்கு. நாங்க போகலக்கா."

"போகலையா? ஒரு வருஷம் போயிடும்டி!"

மணி ஒன்பதே கால். ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்தாள். அத்தை பதறினாள்.

"அப்பனைப் போட்டுட்டு எங்கடி கிளம்பிட்ட? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"மூணு மணிக்குத்தானே எடுக்குறோம் அத்தை. வந்துடுவேன்."

டிரைவர் சீட் அவர் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கண்ணாடியில் பார்த்தாள். ஏழு பேர் மடியிலும் நோட்டு மூடியே கிடந்தது.

"யாரும் படிக்கலையா?"

தயங்கி ஒருத்தி நோட்டைத் திறந்தாள். "இதயம் நான்கு அறைகளைக் கொண்டது. மேலே..." என்று முணுமுணுத்தாள்.

பெரியவள் கண்ணைப் பாதையை விட்டு எடுக்காமல் கியரை மாற்றினாள்.

"கேக்கல. சத்தமாப் படி."